கல்லா வரை போகிற ஆலோசனை

அன்புள்ள சார்,

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரி, கடனுக்கு பேங்கில் கேட்கும் பேப்பர்கள், இதுதான் தொழில். மஞ்சக்குப்பத்தில் சில கடைகள், பண்ருட்டியில் முந்திரி வியாபாரிகள், சிப்காட் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் லேத் பட்டறைகள், எல்லை தாண்டி புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் கொஞ்சம் பேர் என்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளாக "வியாபாரம் டல்லா இருக்கு, என்ன பண்ணலாம் சொல்லும்மா" என்று அவர்களே கேட்கிறார்கள். நானும் ஆன்லைன் விற்பனை, ஏஐ, அரசுத் திட்டங்கள் என்று தேடிப் படித்து வாட்ஸ்அப்பில் குறிப்பு அனுப்புகிறேன். "சரிம்மா" என்கிறார்கள், எதையும் செய்வதில்லை. நான் சொல்லும் விதத்தில்தான் கோளாறா? சின்ன வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்கிறவள் எந்த ஆராய்ச்சிகளை, எந்த டிரெண்டுகளைப் படிக்க வேண்டும்? இதற்குத் தனியாகக் கட்டணம் கேட்கலாமா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

சரி என்று தலையாட்டிவிட்டு செய்யாமல் இருப்பது நம் ஊர்க்காரர்களிடம் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. கானாவில் தையல் கடைக்காரர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பெரிய ஆலோசனை நிறுவனத்தின் ஆட்களை அனுப்பி யோசனை சொல்ல வைத்தார்கள், ஒரு பகுதியினருக்கு முதலீட்டுக்குப் பணமே கொடுத்தார்கள். யோசனை கேட்டவர்கள் கொஞ்ச காலம் சொன்னபடி கணக்கெல்லாம் எழுதினார்கள். லாபம் கூடவில்லை. அப்புறம் மெதுவாக எல்லாரும் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். அதனால் கோளாறு உங்களிடம் இருக்கிறது என்று நினைத்து மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். ஆலோசனை எப்போது பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது என்பதைப் பற்றியே நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான், டிரெண்டுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வளரும் நாடுகளில் நடந்த வியாபாரப் பயிற்சிகளின் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி 2021-ல் ஒரு கட்டுரை எழுதினார். சராசரியாகப் பார்த்தால் பயிற்சி பெற்றவர்களின் விற்பனையும் லாபமும் 5 முதல் 10 சதவீதம் கூடுகிறது என்பது அவர் கணக்கு. இது சின்ன தொகைதான், ஆனால் சும்மா கிடைக்கிற தொகை இல்லை. அது எந்த மாதிரிப் பயிற்சி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டொமினிகன் குடியரசில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிற ஆய்வு இது. அங்கே சிறு கடன் வாங்கியவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல், அதாவது வரவு, செலவு, மூலதனம், லாபம் எல்லாம் வகுப்பெடுத்து. இன்னொரு பிரிவுக்குக் கையில் பிடித்துக்கொள்ளும்படி சில எளிய விதிகள். அதில் முக்கியமானது வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒன்றாகக் கலக்காதே, இரண்டு இழுப்பறை வைத்துக்கொள், கடையிலிருந்து உனக்கு ஒரு சம்பளம் எடுத்துக்கொள் என்பது. முறையான கணக்கியல் படித்தவர்களிடம் பெரிதாக மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. விதிகள் கேட்டவர்கள் கணக்கு எழுத ஆரம்பித்தார்கள், மந்தமான வாரங்களின் விற்பனைகூட அவர்களுக்குத் தேறியது. நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் குறிப்பு இதில் எந்தப் பிரிவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இழுப்பறை என்பது இப்போது நம் பக்கம் எவ்வளவு சிக்கலாகிவிட்டது என்பதற்குப் புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கல்லாப்பெட்டி பக்கத்தில் இரண்டு க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தது. ஒன்று கடைக்காரரின் சேமிப்புக் கணக்கு, இன்னொன்று கல்லூரியில் படிக்கும் மகனுடையது. அவர் போன் சார்ஜ் போய்விட்டால் மகன் அட்டையை நீட்டுவார். அதே சேமிப்புக் கணக்கிலிருந்துதான் வீட்டு கேஸ், ஏலச்சீட்டு, மச்சினர் வாங்கிய கைமாற்று, கும்பகோணத்துப் பித்தளைச் சரக்குக்கு அட்வான்ஸ் எல்லாம் போகிறது. ரொக்கம் மட்டும் இருந்த காலத்தில் ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவை எண்ணி நாள்வழியில் எழுதினால் அன்றைய கதை தெரிந்துவிடும். இப்போது பாதிப் பணம் ஸ்பீக்கரில் சத்தமாக வந்து போனுக்குள் போய்விடுகிறது, அவருக்கு அன்றைக்கு எவ்வளவு ஓடியது என்பதே தெரியாது. "மாசம் எவ்ளோ நிக்குது?" என்று கேட்டேன். "நிக்கிறது தெரியலீங்க, ஓடிக்கிட்டு இருக்கு" என்றார். இந்த மனிதருக்கு ஆன்லைன் விற்பனை பற்றிக் குறிப்பு அனுப்பி என்ன பயன்? ஒரே ஒரு க்யூஆர், அது கடையின் கரண்ட் அக்கவுண்டுக்கு, அதிலிருந்து மாதம் ஒரு தொகை வீட்டுக்கு. இதை மட்டும் அவர் ஆறு மாதம் விடாமல் செய்தால் நீங்கள் படித்த அத்தனை டிரெண்டையும்விட அது அவருக்கு அதிகம் செய்யும்.

செய்ய வைப்பதற்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மும்பை பக்கத்துத் துணி ஆலைகளில் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. ஆலோசகர்கள் மாதக்கணக்கில் ஆலைக்குள்ளேயே இருந்து சரக்கு இருப்பை எழுத வைத்தார்கள், கழிவு நூல் ஏன் வருகிறது என்று தினம் பார்க்க வைத்தார்கள், இயந்திரப் பழுதைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. பல வருடம் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது சொல்லிக்கொடுத்த முறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேனேஜர் மாறிய ஆலைகளிலும், முதலாளிக்கு நேரமே இல்லாமல் போன ஆலைகளிலும்தான் அதிகம் நழுவியது. மீதிப் பாதி நின்றுவிட்டதே, அதுவே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். நமக்கு மாதக்கணக்கில் ஒரு பட்டறையில் உட்கார முடியாது. ஆனால் மாதம் ஒரு தடவை ரிட்டர்னுக்காக பில்களை வாங்க நீங்கள் எப்படியும் போகிறீர்கள். வேறு எந்த ஆலோசகருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. பில்லை வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள், போன மாதம் சொன்ன ஒரே ஒரு விஷயம் நடந்ததா என்று நோட்டை வாங்கிப் பாருங்கள்.

கென்யாவில் ஒரு ஆய்வு, எனக்கு மிகவும் பிடித்தது. சில்லறை இல்லாததால் திரும்பிப் போன வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்று கடைக்காரர்களை வாராவாரம் கேட்டார்கள். கேட்டதோடு சரி. அப்படிக் கேட்டதாலேயே அவர்கள் நஷ்டத்தைக் கவனித்து சில்லறை கூடுதலாக வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நல்ல கேள்வியைத் தவறாமல் கேட்பதற்கு அவ்வளவு பலன் இருக்கிறது. உங்கள் பண்ருட்டி முந்திரி வியாபாரியிடம் அந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: முழுப்பருப்பு, பாதி, துண்டு என்று தரம் பிரிக்கிறார்களே, எந்தத் தரத்துச் சரக்கு எத்தனை நாள் குடோனில் கிடக்கிறது? பெரும்பாலும் தரவாரியாக அவர் எழுதியிருக்க மாட்டார். நீங்கள் மாதாமாதம் கேட்டால் எழுதுவார்.

இன்னொன்று, இவர்களை ஒருவருக்கொருவர் பேச வையுங்கள். சீனாவின் நான்சாங் நகரத்தில் சிறு நிறுவனங்களின் மேலாளர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக மாதம் ஒரு முறை சந்திக்க வைத்தார்கள், ஒரு வருடம். அவர்கள் வருமானம் 8 சதவீதம் போலக் கூடியது. அகமதாபாத்தில் சேவா வங்கியில் கடன் வாங்கிய பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. உங்கள் லேத் பட்டறைக்காரர்கள் நாலு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கு உட்கார வைத்தாலே போதும். ஒரே தொழிலில் போட்டி இருந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள், அதனால் வேறு வேறு கம்பெனிக்கு வேலை செய்கிறவர்களாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

சரி, டிரெண்டுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வாடிக்கையாளரின் கல்லாவையோ பாக்கியையோ தொடுகிறதா என்று பார்த்து, தொடுவதை மட்டும் ஆழமாகப் படியுங்கள்.

நம் பகுதிக்கு முதலாவது எல்லை விவகாரம். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவை வைத்து, ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றி வைத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொருள் விற்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு தமிழ்நாட்டில் வருடத்துக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், இந்த இரண்டு வரம்புக்கும் நடுவில் ஒரே அளவு வியாபாரம் செய்கிற இரண்டு கடைகளில் ஒன்றுக்குப் பதிவு கட்டாயம், இன்னொன்றுக்கு இல்லை. அதைவிட முக்கியம், வரம்புக்குள் இருக்கிறோம் என்று பதிவு செய்யாமல் இருக்கும் கடலூர்க் கடைக்காரர் வரி உள்ள சரக்கை வண்டியில் ஏற்றி பாகூரில் டெலிவரி செய்தால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகிற விற்பனை, பொதுவாக அதற்கு வரம்புச் சலுகை கிடையாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் அப்படி விற்கக் கூடாது. பாகூர் நமக்குப் பக்கத்து ஊர், அதனால் இது யாருக்கும் மாநிலம் தாண்டுவதாகவே தோன்றுவதில்லை. இதை உங்களைத் தவிர யாரும் அவர்களிடம் போய்ச் சொல்லப் போவதில்லை, தயவுசெய்து சொல்லுங்கள்.

இரண்டாவது, பாக்கி. உங்கள் லேத் பட்டறைக்காரர்கள் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்திருக்கிறார்களா? 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, வாங்கிய கம்பெனி கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், எந்த வருடம் பணத்தைக் கொடுக்கிறதோ அந்த வருடம்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்று பட்டறைக்காரர் பயப்படுவது நியாயம்தான். ஆனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சடிப்பதற்கு யாருடைய கோபத்தையும் சம்பாதிக்க வேண்டியதில்லை, மார்ச் மாதம் அந்தக் கம்பெனியின் ஆடிட்டரே பார்த்துக்கொள்வார். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

ஏஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். கென்யாவிலேயே சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு வாட்ஸ்அப் வழியாக ஏஐ ஆலோசகரைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியில் பலன் ஒன்றும் இல்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால், ஏற்கெனவே நன்றாக நடத்திக்கொண்டிருந்தவர்கள் முன்னேறியிருந்தார்கள், தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கீழே போயிருந்தார்கள். கேட்டால் பத்து யோசனை வரும், அதில் தன் கடைக்கு எது ஆகும் என்று பொறுக்கத் தெரிந்தவருக்குத்தான் அது உதவுகிறது. பொறுக்கிக் கொடுக்கிற வேலை உங்களுடையது. நீங்கள் ஏஐயைக் கேளுங்கள், அது சொன்னதை அப்படியே அவர்களுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

மழையை யாரும் டிரெண்டில் சேர்ப்பதில்லை, நம் கடற்கரையில் சேர்த்தே ஆக வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரித் தோப்புகளை அடியோடு சாய்த்தது, 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. ஐப்பசிக்கு முன்னால் சரக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, அதில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, கீழ்த்தட்டில் என்ன அடுக்கியிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

கட்டணம் தாராளமாகக் கேளுங்கள். ரிட்டர்ன் கட்டணத்தோடு சேர்க்காமல் தனியாக, மாதாமாதம், சின்னத் தொகையாக. காசு கொடுத்தவர் நீங்கள் வரும் நாளில் நோட்டை எடுத்து வைத்திருப்பார். கடன் வாங்கிக் கொடுத்தால், சாஃப்ட்வேர் விற்றுக் கொடுத்தால் கமிஷன் தருகிறோம் என்று வருவார்கள், அதை மட்டும் தொடவே வேண்டாம். "இந்தக் கடன் இப்போது வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான், கமிஷன் வாங்கினால் அந்த வார்த்தை வாயில் வராது. எல்லாரையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்காமல் இரண்டு மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஆடி மாதத்தில். தீபாவளி சீசன் தொடங்கிவிட்டால் கடையில் உங்களுக்கு உட்கார ஸ்டூல்கூடக் கிடைக்காது.