தட்டுவடை செட்டும் சோர்ஸ் கோடும்: கேள்வி பதில்

அஸ்தம்பட்டி மாணவி: அண்ணா, மென்பொருளுக்காக நிரலர் எழுதும் மூல வரிகளான சோர்ஸ் கோடைச் சமையல் குறிப்பு என்கிறார்கள். அப்படியானால் நாம் இன்ஸ்டால் செய்வது என்ன?

பதில்: சமைத்து முடித்த பண்டம்மா. நம்ம சேலத்துத் தட்டுவடை செட்டையே எடுத்துக்கொள். இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், கூடவே பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. பீட்ரூட் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்புச் சட்னியில் பூண்டு எத்தனை பல், மிளகாயை ஊறவைத்து அரைத்தார்களா வறுத்தா என்பது தின்று பார்த்தால் தெரியாது. சோர்ஸ் கோடைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலரில் அரைபட்ட நிரலும் அப்படித்தான். எழுதியவர் ஓரத்தில் போட்டு வைத்த குறிப்பெல்லாம் அதில் இருக்காது. பிரித்துப் பார்க்கக் கருவிகள் உண்டு. ஆனால் அது சட்னியிலிருந்து மிளகாயைப் பொறுக்குகிற வேலை.

சேவாப்பேட்டை கடைக்காரர்: குறிப்பையும் கொடுத்துவிட்டால் நான் எதைங்க விற்பது?

பதில்: செட்டைத்தாண்ணே. 1983-இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனும் இந்தச் சமையல் உவமையைச் சொல்பவர்தான். கட்டற்ற மென்பொருளை, அதாவது குறிப்போடு கொடுத்து யாரும் மாற்றலாம், பகிரலாம் என்று விடும் மென்பொருளை, விற்கக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மென்பொருளைத் தரும் ரெட் ஹாட் நிறுவனம் பராமரிப்புக்குக் காசு வாங்கியே வளர்ந்தது. 2019-இல் ஐபிஎம் அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

ஏற்காடு காபித் தோட்டக்காரர்: நாங்கள் கணக்குதான் பார்க்கிறோம். குறிப்பு எங்களுக்கு எதற்கு?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலையில் ஒரு காபிக் கிடங்குக்குப் பில் போடும் மென்பொருள் வாங்கிக் கொடுத்தேன். 2017-இல் ஜிஎஸ்டி வந்தது. எழுதியவரோ அதற்குள் தொழிலையே விட்டிருந்தார். சோர்ஸ் கோடு கையில் இல்லை. வரி விகிதத்தை மாற்ற வழியில்லாமல், அடுத்த மூன்று மாதம் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினோம்.

அம்மாப்பேட்டை தம்பி: நான் பகிர்ந்த சோர்ஸ் கோடை எடுத்து மாற்றி, தன்னுடையதென்று ஒருவர் பூட்டிவைத்தால்?

பதில்: பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று நீ கோடோடு சேர்த்து வைக்கும் உரிமத்தைப் பொறுத்தது. எம்ஐடி என்ற உரிமம் போட்டிருந்தால் பூட்டலாம், உன் பெயரையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்கக் கூடாது. குனு திட்டத்தின் ஜிபிஎல் உரிமம் என்றால், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது மாற்றிய கோடும் கேட்டால் கிடைக்க வேண்டும். தன் வீட்டுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டால் யாருக்கும் காட்ட வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் 1992 முதல் ஜிபிஎல்தான்.

அதே தம்பி: உரிமமே போடாவிட்டால்?

பதில்: சமையல் உவமை இங்கே உதவாது. பக்கத்து வீட்டுக் குழம்பைப் பார்த்து யாரும் வைக்கலாம். நிரல் அப்படியல்ல; நம் பதிப்புரிமைச் சட்டத்தில் அது இலக்கியப் படைப்பு. நீ அனுமதி தராமல் பிறர் நகலெடுக்க முடியாது. லைசன்ஸ் கோப்பு ஒன்றை இன்றைக்கே சேர்த்துவிடு.