சுழி உதிராமல் அச்சிட

அன்புள்ள அக்கா,

பொங்கலுக்கு எங்கள் புளோக்கில் அண்டை வீட்டார் பன்னிரண்டு பேருக்குத் துணிப்பை செய்து கொடுக்கலாம் என்று நானும் மகளும் உட்கார்ந்தோம். அட்டையில் ‘பொங்கல்’ என்று வெட்டி, பையின்மேல் வைத்து, ஸ்பாஞ்சால் சாயம் ஒற்றினோம். கொம்பின் சுழி, ககரத்தின் சுழி, லகரத்தின் சுழி எல்லாம் வெட்டும்போதே கழன்று விழுந்துவிட்டன. விழாமலிருக்க நடுவில் பட்டை விட்டு வெட்டினால் எழுத்து உடைந்து தெரிகிறது. “இது என்ன எழுத்தும்மா?” என்று மகளே கேட்கிறாள். ஓரத்தில் சாயமும் கசிகிறது. பேசாமல் கடையில் கொடுத்து அடித்துவிடலாமா?

– ச., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ச.,

கடைக்குக் கொடுக்காதீர்கள். பட்டையும் விடாதீர்கள். ஆங்கில எழுத்தில் பட்டை விட்டாலும் படிக்க முடிகிறது, சரக்குப் பெட்டிகளில் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. தமிழுக்கு அது ஒத்துவராது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று சுழியை எண்ணித்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்! உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி.

இதே சிக்கல் ஜப்பானியருக்கும் இருந்தது. கிமோனோத் துணிக்குச் சாயமிடும் ‘கதகாமி’ வெட்டுத்தாள்களில், தனியே நிற்கும் துண்டுகளை மெல்லிய பட்டு நூலால் பிடித்துக் கட்டினார்கள். அந்த நூலையே நெருக்கி வலையாக நெய்துவிட்டால் அதுதான் ஸ்கிரீன், அச்சடிக்கும் திரை. 1907இல் இங்கிலாந்தில் சாமுவேல் சைமன் பட்டுத்திரை அச்சுமுறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

வீட்டில் இந்தத் திரையைச் செய்ய எம்பிராய்டரி வளையமே போதும். அராப் ஸ்திரீட் துணிக்கடைகளில் பாலியெஸ்டர் ஆர்கன்சா என்னும் வலைபோன்ற மெல்லிய துணி கொஞ்சம் வாங்கி, தட்டினால் மேளம்போல் ஒலிக்கும்வரை இழுத்துப் பூட்டுங்கள். துணி விளிம்போடு சமமாக இருக்கும் பக்கம் கீழே, பைமேல் படவேண்டும்.

அட்டைக்குப் பதில், புத்தகத்துக்கு உறை போடும் ஒட்டுத்தாள். அதன் பின்தாளில், கட்டம் போட்டிருக்கும் பக்கம், எழுத்தை நேராகவே வரைந்து வெட்டுங்கள். கண்ணாடிபோல் திருப்பி எழுத வேண்டாம். வெட்டியெடுத்த எழுத்தையும் சுழியின் நடுத்துண்டையும் எறிந்துவிடாதீர்கள். முதலில் எழுத்து வெட்டியெடுத்த பெரிய தாளின் பின்தாளை உரித்து, வளையத்தின் அடிப்பக்கம் ஒட்டுங்கள். ‘க’ வடிவில் வந்த துண்டைப் பின்தாளோடு அப்படியே அதன் பள்ளத்தில் பொருத்துங்கள். அது ஒட்டாது. நடுவில் சுழிக்கு இடம் தெரியும். அந்த இடத்தில் நடுத்துண்டை மட்டும் உரித்து ஒட்டி அழுத்திவிட்டு, ‘க’வைத் தூக்கிவிடுங்கள். வலை பிடித்துக்கொள்ளும். சுழி அசையாது. முதன்முறை இதைச் செய்து பார்த்தபோது அரை மணி நேரம் அந்த ஒரு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி கசிவு. சாயம் தண்ணீராக இருந்திருக்கும். துணிக்கான நீர்ச்சாயம் கெட்டித் தயிர் பதத்தில் இருக்கவேண்டும். பைக்குள் ஓர் அட்டையை நுழைத்துவிடுங்கள், பின்பக்கம் ஊறாது. எழுத்தின் தலைப்பக்கம், வெட்டாத இடத்தில் வரிசையாகச் சாயத்தை வைத்து, காலாவதியான ஈசிலிங்க் பயண அட்டையைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. போதாவிட்டால் இன்னொன்று. நாலைந்து முறை தேய்த்தால் கசியத்தான் செய்யும். முதல் இழுப்பைப் பழைய துணியில் போட்டுப் பாருங்கள்.

இழுக்கும் நேரம் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றில் வலைக்கண்கள் அடைத்துக்கொள்ளும். பன்னிரண்டையும் ஒரே மூச்சில் அடித்துவிட்டு, சாயம் காயுமுன் வளையத்தைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பைகள் நிதானமாகத்தான் காயும். ஒரு நாள் விட்டு, மேலே துணி போட்டு, நீராவி இல்லாமல் சில நிமிடம் இஸ்திரி போட்டால்தான் சாயம் துவைக்கத் தாங்கும்.

இது வெறும் கைவேலைதானே என்று தோன்றினால், ஒரு சனிக்கிழமை மகளை ராபர்ட்சன் கீயில் இருக்கும் எஸ்டிபிஐ கூடத்துக்குக் கூட்டிப்போங்கள். அச்சுக்கும் காகிதத்துக்குமென்றே 2002இல் தொடங்கிய இடம். சாயத்தாலும் தாளாலும் கலைஞர்கள் செய்திருப்பதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வெளுக்காத பருத்திப் பையில் மஞ்சள் எடுக்காது, அரக்குச் சிவப்பு நன்றாக நிற்கும். பதின்மூன்றாவது பை ஒன்று அடித்து எனக்கு எடுத்துவையுங்கள். பொங்கல் சமயத்தில் தேக்காவில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.