நெபுலாப் படத்தின் நிறங்கள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

விண்மீன்கள் பிறக்கும் வாயு, தூசி மேகமான ஓரியன் நெபுலாவைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இருந்த அகச்சிவப்புப் படத்தை எட்டாம் வகுப்பில் காட்டினேன். கண்ணுக்கே தெரியாத ஒளிக்குப் பச்சையும் சிவப்பும் எப்படி வந்தன, யாராவது தீட்டியதா என்று ஒரு மாணவி கேட்டாள். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. 'தூசி மூலக்கூறு' என்று எழுதியிருந்தீர்கள். தூசியும் மூலக்கூறும் ஒன்றா?

ஓர் ஆசிரியை, கடலூர் முதுநகர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிறங்கள் ஆய்வாளர்கள் இட்டவைதான். ஆனால் ஒரு நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவர்கள் விருப்பம் அல்ல. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளிர்வதால், அந்த ஒளியை மட்டும் பிரித்து, வானத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அது எவ்வளவு வருகிறது என்று அளக்கிறார்கள். அந்த எண்களுக்கு ஒரு நிறம் கொடுத்தால் வரைபடம் கிடைத்துவிடும்.

'தூசி மூலக்கூறு' என்றது என் பிழை. தூசி என்பது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய சிலிக்கேட், கரித் துகள். நான் கருதியது அதைவிடவும் மிகச் சிறிய, ஐம்பது நூறு கார்பன் அணுக்கள் அறுகோண வளையங்களாக இணைந்த பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களை. உங்கள் துறைமுகத்தில் விசைப்படகு விடும் டீசல் புகையிலும் இந்த இனத்து மூலக்கூறுகள் உண்டு என்றால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். உருவம் அத்தனை சிறியது என்பதால், புற ஊதா ஒளியின் ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித் துணுக்கு, பட்டாலே அது கணநேரம் சுமார் 1000 கெல்வின் வரை சூடேறி, அந்த வெப்பத்தை 3.3, 6.2, 7.7, 8.6, 11.3 மைக்ரான் பட்டைகளில் உமிழ்ந்து குளிர்ந்துவிடுகிறது. பெரிய துகளை ஒரு ஃபோட்டானால் அப்படிச் சூடேற்ற முடிவதில்லை.

படத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது எல்லைகள். இளம் விண்மீன்களுக்கு அருகே, 13.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) மேற்பட்ட ஒளி ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பறித்து அதை அயனியாக்குகிறது. அங்கே நியான் அயனி 12.8 மைக்ரானில் ஒளிர்கிறது, வளைய மூலக்கூறுகளோ பெரும்பாலும் சிதைந்துபோகின்றன. விண்மீன்களின் அந்த வலுவான ஒளி தீர்ந்துபோகும் விளிம்பில்தான் அந்த மூலக்கூறுகள் பிரகாசமாகத் தெரிகின்றன. கார்பன் அயனியாவதற்கு 11.3 எலக்ட்ரான் வோல்ட் போதும் என்பதால், அதன் 158 மைக்ரான் ஒளி ஹைட்ரஜன் அயனியாகும் எல்லையைத் தாண்டியும் நீள்கிறது. இந்த அலைநீளத்தைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். நம் கடற்கரைக் காற்றைச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் ஜப்பானியர்களின் நிறமாலைக் கருவியைப் பொருத்தி, ஹைதராபாத்திலிருந்து பலூனில் சுமார் 30 கி.மீ. உயரத்துக்கு அனுப்பி, விண்மீன்கள் பிறக்கும் மேகங்களை இந்த ஒளியில் வரைந்தார்கள். நம் நாட்டில் நடந்த இந்த வேலையைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

மார்கழியில் இரவு எட்டு மணி வாக்கில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றால், கிழக்கே ஓரியன் விண்மீன் குழுவின் மூன்று நட்சத்திரங்களும் அவற்றுக்கு அருகே மங்கலான ஒரு திட்டும் தெரியும். அந்தத் திட்டுதான் நெபுலா. வெவ்வேறு அலைநீளங்களில் எடுத்த அதன் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தனித்தனியே அச்சிட்டு, அடுத்த வாரம் புதுச்சேரியிலிருந்து அனுப்புகிறேன். எதற்கு எந்த நிறம் என்பதை உங்கள் மாணவியே தேர்ந்தெடுக்கட்டும்.