ஒரு கிரிப்டோ திட்டம் வெளியிடும் டோக்கனுக்கு, அதாவது அதன் டிஜிட்டல் நாணயத்துக்கு, பயன்பாடு இருந்தால் மக்கள் தானாக அதில் பங்கேற்பார்களா?

வருவார்கள். ஆனால் எந்தப் பயன்பாடு என்று பார்க்க வேண்டும். வாக்குரிமை, தள்ளுபடி என்று எழுதிவைத்தால் அதற்காக யாரும் மொட்டைமாடி ஏற மாட்டார்கள். ஹீலியம் டோக்கனுக்காக நிஜமாகவே ஏறினார்கள்.

சென்சார் போன்ற சின்னக் கருவிகளுக்கான இந்த வயர்லெஸ் நெட்வொர்க் 2019-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கியது. நிறுவனம் டவர் கட்டவில்லை. சாதாரண ஆட்களே சுமார் 500 டாலருக்கு ஹாட்ஸ்பாட் என்ற சின்ன சிக்னல் பெட்டியை வாங்கி வீட்டில் வைத்தார்கள், கூலி எச்.என்.டி. டோக்கன். விதி சாமர்த்தியமானது. ஒரே இடத்தில் பெட்டிகள் நெருக்கியடித்தால் வருமானம் குறையும். சிக்னலைக் கேட்க அக்கம்பக்கத்தில் வேறு பெட்டியே இல்லையென்றாலும் குறையும். அதனால் ஆன்டெனாவை உயர்த்துவது, கொஞ்சம் தள்ளி இருக்கும் நண்பரையும் வாங்கவைப்பது என்று மக்களே கவரேஜைப் பரப்பினார்கள். 2022-ல் கிட்டத்தட்ட 9 லட்சம் பெட்டிகள்!

டோக்கனின் இன்னொரு பக்கம் செலவு. நெட்வொர்க்கில் டேட்டா அனுப்ப எச்.என்.டி.யை எரித்து, அதாவது நிரந்தரமாக அழித்து, 'டேட்டா கிரெடிட்' வாங்க வேண்டும். 24 பைட்டுக்கு ஒரு கிரெடிட், விலை 0.00001 டாலர். டோக்கன் விலை எங்கே போனாலும் இது மாறாது. வாடிக்கையாளருக்கு நிம்மதி. பயன்பாடு கூடினால் அதிக டோக்கன் எரியும் என்பதால், டோக்கன் வைத்திருப்பவருக்கும் லாபம் வரலாம்.

சிக்கல் என்னவென்றால், பெட்டி வைக்க வந்த கூட்டம் டேட்டா அனுப்ப வரவில்லை. 2022 நடுவில் டேட்டா வருமானம் மாதத்துக்குச் சில ஆயிரம் டாலர்தான். மீதிக் கூலியெல்லாம் புதிதாக அச்சடித்த டோக்கன். பெட்டி ஓர் இடத்தில் இருக்க, வேறு இடத்தில் இருப்பதாகக் காட்டிச் சம்பாதித்தவர்களும் உண்டு (அதுவும் ஒருவகைப் பங்கேற்புதான்!). 2021 நவம்பரில் 50 டாலரைத் தாண்டியிருந்த எச்.என்.டி., 2022 முடிவதற்குள் 3 டாலருக்கும் கீழே போனது. பலர் பெட்டியை அணைத்துவிட்டார்கள்.

அப்புறம் 2023-ல் டோக்கன் கணக்கு வைக்கும் சொந்தப் பிளாக்செயினை விட்டு, சோலானா என்ற வேறு பிளாக்செயினுக்கு மாறினார்கள், அதுவும் சமூக வாக்கெடுப்பு மூலம்தான். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா முழுக்க 20 டாலர் மொபைல் பிளான் வந்தது. போன் பேசுகிறவருக்கு டோக்கன் என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. அவர் டேட்டா போனுக்கென்றே வைத்த ஹாட்ஸ்பாட் வழியாகப் போனால் அதை வைத்தவருக்குக் கூலி. எனக்கு இந்த ஏற்பாடுதான் நம்பிக்கை தருகிறது.

அதனால் புது டோக்கன் எதைப் பார்த்தாலும், அதைச் செலவழிப்பவர் யார், எதற்காக என்றுதான் முதலில் தேடுவேன். டெலிகிராம் குழுவில் எத்தனை பேர் என்று பார்ப்பதே இல்லை. அங்கே பலர் ஏர்டிராப்புக்காக, அதாவது இலவசமாகக் கிடைக்கும் டோக்கனுக்காக, உட்கார்ந்திருப்பவர்கள்.