நம் ஆர்.என்.ஏ. எது, வைரஸ் ஆர்.என்.ஏ. எது: செல்லுக்கு எப்படித் தெரியும்?

செல்லுக்குள் நம் ஆர்.என்.ஏ.வே கொட்டிக் கிடக்கும்போது ஃப்ளூ வைரஸுடையதை மட்டும் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பலரும் குழம்பும் இடம்தான் இது. செல் வரிசையைப் படிப்பதில்லை, முக்கியமாகப் பார்ப்பது முனையைத்தான்.

நம் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான செய்தியைக் கொண்டுபோகும் ஆர்.என்.ஏ.) உட்கருவை விட்டு வெளியே வருவதற்குள் அதன் 5' முனைக்கு, அதாவது தொடக்க முனைக்கு, ஒரு வேதி மூடி போடப்பட்டுவிடும். ஃப்ளூவின் மரபணு ஆர்.என்.ஏ.வில் மூடி கிடையாது, மூன்று பாஸ்பேட் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும், போதாததற்கு இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து கொஞ்ச தூரம் இரட்டை இழையாகவும் இருக்கும். சைட்டோபிளாசத்தில் (உட்கருவுக்கு வெளியே உள்ள செல் பகுதி) இருக்கும் ரிக்-ஐ புரதம் தேடுவது இந்த இரண்டையும்தான். பிடித்ததும் மைட்டோகாண்ட்ரியாவின் மேலுள்ள மாவ்ஸ் என்ற புரதத்துக்குத் தகவல் போகும், அதன்பின் ஐ.ஆர்.எஃப்.3 என்ற இன்னொரு புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தின் மரபணுவை முடுக்கிவிடும்.

இன்டர்ஃபெரான் 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்தது. பக்கத்து செல்களுக்கும் போய், வைரஸ் வருமுன்பே நூற்றுக்கணக்கான தற்காப்பு மரபணுக்களை இயக்கிவிடும். அதில் பி.கே.ஆர். என்ற புரதத்தைக் கண்டிப்பாகப் படியுங்கள்: இரட்டை இழையைக் கண்டதும் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும், நமக்கும் நஷ்டம்தான், ஆனால் வைரஸுக்குப் பிழைப்பே போய்விடும். ஃப்ளூவும் சும்மா இருக்காது, தன் என்.எஸ்.1 புரதத்தால் ரிக்-ஐ, பி.கே.ஆர். இரண்டையுமே முடக்கப் பார்க்கும்.

அப்புறம், எண்டோசோமுக்குள் (வெளியிலிருந்து செல் உள்ளிழுத்ததை வைத்திருக்கும் சிறு பை) இருந்து வைரஸ் ஆர்.என்.ஏ.வை உணரும் டி.எல்.ஆர்.7 என்ற புரதம் தனி வழி. தேர்வில் அதையும் ரிக்-ஐயையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.