விடியற்காலை வயலினுக்குச் சொந்தக்காரர்

கேள்வி: ஆகாசவாணி நிலையம் காலையில் தொடங்கும்போது ஒலிக்குமே ஓர் இசை, அதை அமைத்தவர் ஹிட்லருக்குத் தப்பி வந்த ஒரு யூதர் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?
(மாயவரம் வாசகர்)

பதில்: அதிசயமாக இந்த முறை நம்பலாம். வேறு ஒன்றிரண்டு பேர்களையும் சிலர் சொல்வதுண்டு. ஆனால் பெரும்பாலோர் ஏற்பது வால்டர் காஃப்மன் பெயரைத்தான். 1907இல் போஹீமியாவின் கார்ல்ஸ்பாட் ஊரில், அதாவது இன்றைய செக் நாட்டின் கார்லோவி வாரியில் பிறந்தவர். பெர்லினில் இசை படித்துவிட்டு பிராக் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். டாக்டர் பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில், தன் பேராசிரியர் நாஜி இயக்கத்துக்காரர் என்று தெரிந்ததும் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1934இல் பம்பாய்க்குக் கப்பலேறினார். ஏன் இந்தியா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், விசா சுலபமாகக் கிடைத்தது என்பதுதான்!

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இசையால் மட்டுமல்ல. முதன்முதலில் இந்திய இசைத்தட்டுகளைக் கேட்டபோது அவருக்கு ஒன்றுமே புரியவில்லை, அதிர்ச்சிதான். ஆனால் இத்தனை லட்சம் பேர் நெஞ்சாரக் கேட்கும் இசை தனக்குப் பிடிபடவில்லை என்றால் கோளாறு தன்னிடம்தான், அது பிறந்த இடத்துக்கே போய்க் கற்க வேண்டும் என்று நினைத்தாராம். அந்தக் காலத்து ஐரோப்பிய சங்கீதக்காரரிடம் இந்த அடக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

பம்பாயில் இறங்கிய வருடமே ஓர் அறையிசைச் சங்கம் (சின்ன அரங்கில் சில பேர் மட்டும் வாசிக்கும் மேற்கத்திய இசைக்கானது) தொடங்கி, வியாழக்கிழமைதோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி நடத்தினார். பியானோ இவர், வயலின் மெஹ்லி மேத்தா, பிரபல மேற்கத்திய இசைக்குழு நடத்துநர் சுபின் மேத்தாவின் அப்பா. நம் காலை இசையில் வாசிப்பதும் அதே மேத்தாதான் என்பார்கள். அடுத்த முறை கேட்டால் கவனியுங்கள், முதலில் தம்புரா சுருதி பிடிக்கும், வயலின் பிறகுதான் வரும். எங்கள் வீட்டு வால்வு ரேடியோ சூடாகி வாய் திறப்பதற்குள் தம்புரா போய்விடும், பாதி வயலின்தான் எனக்குக் கிடைக்கும். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவு இவர் கையில் இருந்தது. அப்புறம் லண்டன், கனடா, கடைசியில் அமெரிக்கா. இன்னொரு துணுக்கு: இவருடைய முதல் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் தங்கை மகள்.

கேள்வி: அவர் கர்நாடக ராகங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறாராமே? மற்ற இசையெல்லாம் எங்கே போயிற்று?
(திருச்சி வாசகி)

பதில்: எழுதினார். வட இந்திய ராகங்கள் பற்றி 1968இல் ஒன்று, தென்னிந்திய ராகங்கள் பற்றி 1976இல் ஒன்று. இரண்டாவது, ராகங்களின் ஆரோகண அவரோகணங்களை, அதாவது சுரங்கள் ஏறி இறங்கும் வரிசைகளை, அடுக்கிய பட்டியல். அதை வைத்துப் பாடக் கற்க முடியாது, தேட முடியும். டெலிபோன் டைரக்டரி மாதிரி.

1957 முதல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, 1984இல் அந்த ஊரிலேயே, புளூமிங்டனில், காலமானார். கையெழுத்துப் பிரதிகளும் காகிதங்களும் அந்தப் பல்கலைக்கழக இசை நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பத்திரம் சரி, வாசிக்க ஆள் வேண்டாமா? இருபது முப்பது விநாடி இசை கோடிக்கணக்கான வீடுகளில் தினம் ஒலித்தது, அவர் எழுதிய நீளமான இசையெல்லாம் பெட்டிக்குள் கிடந்தது. டொராண்டோவின் ஏ.ஆர்.சி. என்ற குழு, நாடு துறந்த இசையமைப்பாளர்களைத் தேடி எடுத்து வாசிப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. அவர்கள்தான் அந்தப் பிரதிகளை எடுத்து, 2020இல் இவருடைய நால்வர் இசையையும் (நாலு தந்தி வாத்தியங்களுக்கானது) வயலின் சொனாட்டாவையும் (வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிப்பது) ஒலிப்பதிவாக வெளியிட்டார்கள். இணையத்தில் கிடைக்கிறது. இரண்டாம் தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள், முதல் தடவையிலேயே எழுதாதீர்கள்.

கேள்வி: வானொலி இசை சிவரஞ்சனியா, மோகனமா? மாமனார் மோகனம் என்று அடம்பிடிக்கிறார்.
(மதுரை வாசகர்)

பதில்: சிவரஞ்சனி. மோகனத்தில் அந்தர காந்தாரம், அதாவது 'க' சுரம் சற்று உயரம்; இதில் சாதாரண காந்தாரம், அதே 'க' சற்றுத் தாழ்வு. மற்ற நாலு சுரமும் ஒன்றேதான். மாமனாருக்கு ஐந்துக்கு நாலு மார்க் போடுங்கள், பேசாமல் இருப்பார்.