வாசகர் கேள்வி–பதில்: பலா அல்லாத வெடிப்பலா

கேள்வி: ஆனைமலைப் பக்கம் காட்டுப் பாதையில் முள் நிறைந்த காய்கள் உதிர்ந்து கிடந்தன. உடன் வந்தவர்களில் சிலர் வெடிப்பலா என்றார்கள், சிலர் காட்டுப்பலா என்றார்கள். இது பலா வகைதானா?

பதில்: இல்லை. பலாவும் அயினியும் ஆல், அத்தி குடும்பம். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். வெடிப்பலாவில் பால் வராது. இது இலவமும் செம்பருத்தியும் அடங்கிய மால்வேசியே குடும்பம்; துரியனுக்கு நெருங்கிய உறவு. தாவரவியல் பெயர் குல்லேனியா எக்ஸாரில்லேட்டா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில், பெரும்பாலும் 600 முதல் 1,400 மீட்டர் உயரத்தில், நாங்கு, பாலி மரங்களோடு சேர்ந்து வளரும். 35 மீட்டர் வரை உயரும்.

காய் இல்லாத காலத்தில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்புறம் வழவழப்பான கரும்பச்சை. அடிப்புறம் வெள்ளியும் செம்பொன்னும் கலந்து மினுங்கும். கைலென்ஸ் வைத்தால் அந்த மினுமினுப்பு முழுவதும் நுண்ணிய கேடயங்களைப் போல ஒட்டிய செதில்கள் என்று தெரியும். இலைக்காம்பு, இலையோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்திருக்கும். இந்த இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: இதன் பூவுக்கு இதழே இல்லை என்கிறார்களே?

பதில்: உண்மைதான். கிளைகளில் உள்ள முண்டுகளிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும். நாம் பூவாகப் பார்ப்பது பழுப்பு நிறக் குழல் போன்ற புல்லிவட்டம். அதில் தேன் இருப்பதால் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), மலையணில், மரநாய் எல்லாம் தேடி வரும். காட்டில் மற்ற பழங்கள் குறைந்திருக்கும் மாதங்களில் சோலைமந்திக்குப் பெரிய ஆதாரம் இந்தப் பூதான். தின்னும்போது பூக்கள் ஏராளமாகச் சேதமாகும். மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்வதில் வௌவால்களுக்கும் பங்கு உண்டு.

கேள்வி: துரியன் போலச் சுளை தின்னலாமா?

பதில்: தின்னச் சுளையே கிடையாது. இந்த இனத்தின் விதையைச் சுற்றிச் சதை வளர்வதில்லை. குரங்குகள் முள் தோலைப் பிளந்து தின்பது விதையைத்தான்.

கேள்வி: நாற்றங்காலுக்காக விதை சேகரித்து, நன்கு உலர்த்தி வைத்திருந்தோம். விதைத்ததில் ஒன்றுகூட முளைக்கவில்லை. என்ன தவறு?

பதில்: உலர்த்தியதுதான். நெல், வேம்பு, தேக்கு எல்லாவற்றையும் காயவைத்துப் பழகியவர்கள் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். வெடிப்பலா விதைக்கு உறக்கநிலை, அதாவது முளைக்காமல் உயிரோடு காத்திருக்கும் பருவம், இல்லை. ஈரம் வற்றினால் உள்ளிருக்கும் கரு செத்துவிடும். அதன்பின் எவ்வளவு ஊறவைத்தும் பயனில்லை. குளிர்ப்பெட்டியும் வேண்டாம்.

தானாக வெடித்த காயிலிருந்து விழுந்த, முழுதாகப் பழுப்பேறிய விதைகளை மட்டும் எடுங்கள். வெளிறிய விதைகள் குரங்கு பறித்துப் போட்ட பிஞ்சுக் காயினுடையவை, அவை முளைக்காது. விரலால் அழுத்தினால் கல் போல் இருக்க வேண்டும். துளையோ மென்மையோ இருந்தால் ஒதுக்குங்கள். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் விதை புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஈரச் சாக்கில், இலைச்சருகோடு கொண்டு வந்து அன்றோ மறுநாளோ விதைத்துவிடுங்கள். (காப்புக்காட்டில் எடுப்பதானால் வனத்துறை அனுமதி கட்டாயம்.)

மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. பை குறைந்தது 12 அங்குல உயரம் இருக்கட்டும். குட்டைப் பையில் ஆணிவேர் சுருண்டு, நட்ட பிறகு மரம் தேங்கிவிடும். விதையைப் படுக்கை வாட்டில் வைத்து, அதன் பருமன் அளவுக்கே மண் மூடி, மேலே சருகு பரப்புங்கள். பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை, தினமும் ஈரம், ஆனால் நீர் தேங்கக் கூடாது. எலியும் முள்ளம்பன்றியும் விதையைத் தோண்டும் என்பதால் முளைக்கும்வரை கம்பிவலை மூடியிருப்பது நல்லது.

கேள்வி: கைவிட்ட தேயிலைச் சரிவில் நேரடியாக நடலாமா?

பதில்: திறந்த வெயிலில் நட்டால் கன்றின் இலை கருகி, நுனி காய்ந்துவிடும். முதலில் வட்டக்கண்ணி போல வேகமாக வளரும் மரங்களை எழுப்பி, அவற்றின் நிழலில், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நடுங்கள். கன்று நன்றாக வேர்பிடித்து நிமிரும்போது, மேலிருக்கும் நிழல் கிளைகளை ஆண்டுக்குச் சிறிதாகக் கழித்துவிட்டால் போதும். ஒரே மூச்சில் திறந்துவிடாதீர்கள். சமவெளியில் நட விரும்பும் வாசகர்களுக்கு இந்த மரத்தைப் பரிந்துரைக்க மாட்டோம்.